வித்தியாசம் மட்டும்

எங்கள் வீட்டு முன்னறைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில், "பாட்டுக் கேட்க இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு?" அடுத்து, "என்ன விலை?" விலையைச் சொல்லாமல் நான் நழுவுவதைக் கண்டதும் மூன்றாவது கேள்வி வந்துவிடும்: "இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது?"

கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் புதுச்சேரி அரசுப் பணியில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். முதலியார்பேட்டையில் அப்பா விட்டுப்போன வீடு. கார் கிடையாது. சமையலறை மேடையின் கடப்பைக்கல் விரிசல் விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. அப்படிப்பட்ட வீட்டின் முன்னறையில் இடுப்பளவு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களும், இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய ஓர் ஆம்ப்ளிஃபயரும், கண்ணாடி மூடி போட்ட ரெக்கார்ட் பிளேயரும் இருந்தால் யாருக்கும் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.

"பழசைக் கொடுத்துவிட்டு வாங்கினேன். வித்தியாசம் மட்டும்தான் கையிலிருந்து போட்டேன்" என்பது என் வழக்கமான பதில். எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் இதுதான் பதில். கூட்டம் என்றால் ஏழெட்டுப் பேர். ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு வங்கி ஊழியர், ஒரு மருந்துக் கடைக்காரர், என்னைப் போல் இரண்டு மூன்று அரசு ஊழியர்கள். பணக்காரர் ஒருவர்கூட இல்லை. பணக்காரர்கள் ஒருமுறை கடைக்குப் போய் வாங்குகிறார்கள். பிறகு அதை மறந்துவிடுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை பெட்டியை மாற்றுகிறவன் மாதச் சம்பளக்காரன்தான். அவனால்தான் ஒரேயடியாக மேல்படிக்குப் போக முடியாது. ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஏறிய படியை விற்றுத்தான் அடுத்த படியை வாங்க வேண்டும்.

முதல் படி, நாமே செய்துகொள்வது. 1987-இல் நான் செய்த முதல் ஆம்ப்ளிஃபயருக்கு 1,100 ரூபாய் ஆயிற்று. சென்னை ரிச்சி தெருவில் 2என்3055 டிரான்சிஸ்டர்களும் மின்தேக்கிகளும் வாங்கிக்கொண்டு, டிரான்ஸ்ஃபார்மரை உள்ளூரில் சுற்றச் சொல்லி, இரும்புப் பெட்டியை வெல்டிங் பட்டறையில் அடித்து வாங்கினேன். ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டில் செய்யும் தச்சர் ஒருவர் பிளைவுட்டில் செய்துகொடுத்தார். உள்ளே பஞ்சு எதற்கு என்று அவர் கேட்டார். பெட்டிக்குள் ஒலி எதிரொலிக்காமல் இருப்பதற்கு என்றேன். "தலையணைக்கு வெச்சா தூக்கமாவது வரும்" என்றார்.

இரண்டாவது படி, பிறர் பயன்படுத்தியதை வாங்குவது. இந்த விஷயத்தில் புதுச்சேரிக்காரனுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு இருந்தது. 1962-இல் பிரான்சுடனான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது இங்கே பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் கணிசமாக இருந்தன. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களை ஊரில் 'சொல்தா' என்பார்கள். அவர்களும், பாரீஸில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களும் கப்பலில் தட்டுமுட்டுச் சாமான்களோடு டெப்பாஸ் ரெக்கார்ட் பிளேயரையும், பிலிப்ஸ் ரேடியோவையும், பிற்காலத்தில் தோரென்ஸ், கபாஸ் போன்றவற்றையும் கொண்டுவந்தார்கள். 1991-க்கு முன்னால் வெளிநாட்டு மின்னணுச் சாமான்களுக்கு விதிக்கப்பட்ட சுங்கத் தீர்வை பல வேளைகளில் சாமானின் விலையையே மிஞ்சிவிடும். குடிபெயர்ந்து திரும்புகிறவர்களின் வீட்டுச் சாமான்களுக்குச் சலுகை உண்டு. ஆகவே சென்னையில் கண்ணாடிக்குப் பின்னால் மட்டுமே பார்க்கக்கூடிய ஒரு பொருள், இங்கே ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையறையில் தூசி படிந்து கிடக்கும்.

இதில் மின்சாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பிரான்சின் மின்சாரமும் நம்முடையதும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தம், அதே 50 சுழற்சி. பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்காவிலிருந்து வரும் சாமானுக்கு 120 வோல்ட், 60 சுழற்சி வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து மின்னழுத்தத்தைக் குறைத்துவிடலாம். சுழற்சியை அதனால் மாற்ற முடியாது. மின்சாரத்தின் சுழற்சியையே நம்பி ஓடும் மோட்டார் உள்ள அமெரிக்க ரெக்கார்ட் பிளேயரை இங்கே அப்படியே ஓட்டினால், நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்ற வேண்டிய தட்டு 28-ஐக்கூடத் தொடாது. ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். பிரெஞ்சுச் சாமானில் அந்தத் தொல்லை இல்லை. தொலைக்காட்சியில் மட்டும் ஏமாந்து போனார்கள். அந்த நாட்டின் செக்காம் முறை வேறு, நம்முடைய பால் முறை வேறு.

சொல்தாக்களின் பிள்ளைகள் பிரான்சுக்குப் போய்விட, வயதானவர்கள் காலமாக, வீடுகள் காலியாக, அந்தச் சாமான்கள் காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்தன. பழைய துணி, கைக்கடிகாரம், பிரெஞ்சு நாவல்கள் இவற்றுக்கு நடுவில் ஒரு ஸ்பீக்கர் கவிழ்ந்து கிடக்கும். கடற்காற்று அதன் திருகாணிகளைத் துருப்பிடிக்க வைத்திருக்கும். கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் தொட்டால் உதிரும். கடைக்காரருக்கு அது உடைந்த சாமான். வளையத்தை மாற்றி ஒட்டினால் சரியாகிவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். இந்தத் 'தெரியும்', 'தெரியாது' இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பொழுதுபோக்கின் மூலதனம் இருந்தது.

மூன்றாவது படிதான் வித்தியாசக் கணக்கு. என்னிடம் ஒரு நீல அட்டை நோட்டு உண்டு. வாங்கியவை இடப்பக்கம், விற்றவை வலப்பக்கம். 1987 முதல் 2009 வரை வாங்கியவை 3,12,000 ரூபாய். விற்றவை 2,71,000. வித்தியாசம் 41,000. இருபத்திரண்டு வருடங்களுக்கு 41,000 ரூபாய்! அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் இதே காலத்தில் சிகரெட்டுக்குச் செலவழித்ததை அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். அவர் கையில் மிஞ்சியது இருமல். என் கையில் ஒரு முன்னறை நிறைய இசை. இந்தக் கணக்கில் எனக்கு இருந்த பெருமிதம் கொஞ்சநஞ்சமல்ல.

வித்தியாசத்தைப் போடுவதற்கும் வழிகள் இருந்தன. ஏலச்சீட்டு, பண்டிகை முன்பணம், பொது வைப்பு நிதி. நுகர்பொருள் வாங்க வைப்பு நிதியிலிருந்து முன்பணம் எடுக்க விதியே இடம் தருகிறது. ஆறாவது ஊதியக் குழுவின் நிலுவைத் தொகை 40 விழுக்காடு முதலிலும், 60 விழுக்காடு அடுத்த நிதியாண்டிலுமாக இரண்டு தவணையில் வந்தது. எங்கள் கூட்டத்தில் அந்த இரண்டு வருடங்களும் பொற்காலம். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று மாதந்தோறும் புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இன்னொரு வழியும் உண்டு. எங்களுக்குள் ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு விலை. வீட்டு விலை, நாட்டு விலை. நாட்டு விலை நிஜமாகக் கொடுத்தது. வீட்டு விலை மனைவியிடம் சொல்வது. இரண்டுக்கும் பொதுவாக மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கும். "நான் செத்துப்போனால் அவள் வீட்டு விலைக்கே விற்றுவிடுவாளே, அதுதான் என் கவலை" என்பது உலகம் முழுவதும் இந்தப் பித்துக்காரர்கள் சொல்லும் நகைச்சுவை. நாங்களும் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

*

2004-இல் ஒரு நாள், நகரின் பழைய பகுதியில் ஒரு வீட்டில் ரேடியோ பழுது பார்த்துக்கொடுக்கப் போனேன். கணவர் சொல்தா; காலமாகிவிட்டார். மகன் பாரீஸில் இருந்தார். அந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். கூடத்து மாதா படத்தின் இருபுறமும் இரண்டு சிறிய மரப்பெட்டிகள் இருந்தன. அவற்றின் மேல் பூச்சாடிகள். சாடியைத் தூக்கிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்ததும் எனக்கு மூச்சு ஒரு கணம் நின்றது. ரோஜர்ஸ் எல்எஸ்3/5ஏ.

அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1970-களில் பி.பி.சி. தன் வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த ஸ்பீக்கர் இது. வண்டிக்குள் இடம் குறைவு. ஆனால் அறிவிப்பாளரின் குரல் குரலாகவே கேட்க வேண்டும். ஆகவே ஒரு முழத்தைவிடக் குறைந்த உயரத்தில், ஐந்து லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு பெட்டி. பி.பி.சி.யின் உரிமம் பெற்று ரோஜர்ஸ் முதலிய சில நிறுவனங்கள் செய்து விற்றன. தாளத்தின் அடித்தொனி இதில் குறைவு. மனிதக் குரலை இதைவிட நேர்மையாகக் காட்டும் சிறிய பெட்டியை நான் கேட்டதில்லை. 1990-களின் இறுதியில் இதன் உள்ளுறுப்புகளின் தயாரிப்பு நின்றுபோக, பழைய ஜோடிகளின் விலை ஏறத் தொடங்கியது.

"மகன் வாங்கி வெச்சிட்டுப் போனது தம்பி. சின்னப் பெட்டி. வேணும்னா எடுத்துக்குங்க, எதாவது குடுங்க" என்றார் அந்த அம்மா. நான் எட்டாயிரம் கொடுத்தேன். அவர் எதிர்பார்த்தது ஆயிரமோ என்னவோ, இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு புட்டி ஊறுகாயும் கொடுத்தனுப்பினார். கேட்டதைவிட அதிகம் கொடுத்தோம் என்ற திருப்தியோடு வீடு வந்தேன். அன்றைக்கு அதன் சந்தை விலை என்ன என்று எனக்குத் தெரியும்.

ஐந்து வருடம் அதைக் கேட்டேன். 2009-இல் பெரிய ஸ்பீக்கர் ஒன்றின் மேல் ஆசை வந்தது. விலை 1,20,000. நிலுவைத் தொகை போக மீதிக்கு எல்எஸ்3/5ஏ-யை விற்றாக வேண்டும். வாங்கியவர் என் நெருங்கிய நண்பர். வேறொரு அரசு அலுவலகத்தில் எழுத்தர். என் முன்னறையில் அவற்றை நூறு முறையாவது கேட்டிருப்பார். கேட்டுக் கேட்டு ஏங்கியவர். "உங்களுக்காகச் சந்தை விலையில் ஐயாயிரம் குறைத்துக்கொள்கிறேன்" என்று 65,000 சொன்னேன். அவர் தயங்கினார். வைப்பு நிதியைப் பற்றி அவருக்கு நினைவூட்டியது நான்தான். விண்ணப்பத்தை நிரப்பிக்கொடுத்ததும் நான்தான். வீட்டு விலை பதினைந்தாயிரம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

அவர் அதற்குத் தகுதியான ரசிகர் என்பதையும் சொல்ல வேண்டும். நான் மேலும் இரண்டு முறை ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன். அவர் எதையும் மாற்றவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து நாள்கணக்கில் ஊரில் மின்சாரம் இல்லை. மின்சாரம் திரும்பிய இரவு அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. எடுத்ததும் அவர் ஒன்றும் பேசவில்லை. ரிசீவரை ஸ்பீக்கருக்கு முன்னால் நீட்டிவிட்டார். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. தொலைபேசிக் கம்பியில் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் போகாது. கீழ்த்தொனியும் போகாது. இருட்டில் நின்றபடி பத்து நிமிடம் கேட்டேன். என் வாழ்நாளில் கேட்ட தோடிகளில் அது ஒன்று.

2019-இல் அவர் மாரடைப்பில் போய்விட்டார்.

காரியங்களெல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி அழைத்தார். "அண்ணே, அந்தப் பொட்டி ரெண்டையும் குடுத்துடலாம்னு இருக்கேன். பதினஞ்சாயிரத்துக்கு வாங்கினதுன்னு சொன்னாரு. பழசாயிடுச்சு. அஞ்சாயிரம் வந்தாலும் சரி. சண்டே மார்க்கெட்காரர் ஒருத்தர் கேக்கறாரு."

நகைச்சுவை நிஜமாகி வாசலில் வந்து நின்றது. யாருக்கும் கொடுக்க வேண்டாம், நான் விற்றுத் தருகிறேன் என்றேன். பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து கேட்டுப் பார்த்து 1,40,000 கொடுத்து எடுத்துக்கொண்டு போனார். பணத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு நண்பரின் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே யோசனை. நிஜத்தைச் சொன்னால் போனவர் பொய்யர் ஆவார். சொல்லாவிட்டால் பணம் எப்படி வந்தது? கடைசியில் பாதி நிஜமான ஒரு பொய் கிடைத்தது. "இதெல்லாம் பழசாக ஆக விலை ஏறும்மா. தயாரிப்பு நின்றுபோன சாமான். அவர் வாங்கிய நேரம் நல்ல நேரம்" என்றேன்.

அவர் உறையை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். எண்ணவில்லை.

"வருஷா வருஷம் ஜி.பி.எஃப். சீட்டு வருமில்ல அண்ணே. பிரிச்சுப் படிச்சு ஃபைல்ல வெக்கறது நான்தான். அந்த வருஷம் அறுபதாயிரம் எடுத்திருந்தாரு. எதுக்குன்னு நான் கேக்கல. பெரியவ அப்பதான் மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல தங்கி எம்.எஸ்ஸி. படிக்கணும்னு கேட்டா. கையில இல்லன்னாரு. இங்கியே பக்கத்துல சேத்துட்டோம்."

அவர் குரலில் கோபம் இல்லை. பழைய பால் கணக்கைச் சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராகக் கேட்டார்:

"நீங்கதான அண்ணே அவருக்குக் குடுத்தீங்க? நீங்க வாங்கினப்ப எவ்ளோ?"

எத்தனையோ உறவினர்களின் கேள்விகளுக்கு நழுவியிருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. "எட்டாயிரம்" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். பாத்திரச் சத்தம் கேட்டது. காபி கொண்டுவந்து வைத்தார். நான் குடித்துவிட்டு வந்தேன். இப்போதும் தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புகிறார். அந்தப் பேச்சை இருவரும் மறுபடி எடுத்ததில்லை.

*

அன்றிரவு நீல நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த ஒரு ஜோடியில் வந்த லாபம் 57,000. அதை நீக்கிவிட்டால் என் வித்தியாசம் 41,000 அல்ல, 98,000. நான் சாமர்த்தியம் என்று நினைத்திருந்ததில் பாதிக்கு மேல் இரண்டு பெண்களின் பணம். ஒருவர் விலை தெரியாமல் கொடுத்தார். இன்னொருவர் தெரிந்தும் கேட்காமல் கொடுத்தார். ஒருவன் மேல்படிக்கு ஏறும்போது அவன் விட்ட படியை வாங்குகிறவன்தான் அவனுடைய ஏற்றத்துக்குப் பணம் தருகிறான். அந்தப் பணம் எந்த வீட்டின் எந்தச் செலவிலிருந்து வருகிறது என்பதற்கு என் நோட்டில் பத்தி ஏதும் இல்லை.

அந்தச் சொல்தா வீட்டுக்கு ஒரு நாள் போனேன். போய் என்ன செய்வதாக இருந்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. வீடு விருந்தினர் விடுதியாகியிருந்தது. புதிதாக மஞ்சள் வண்ணம் பூசி, வாசலில் போகன்வில்லா வைத்திருந்தார்கள். மாதா படம் இருந்த கூடத்தில் வரவேற்பு மேசை. அந்த அம்மாவைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியவில்லை. மேசைக்குப் பின்னால், ஒரு கைக்குள் அடங்கும் ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஏதோ பாடிக்கொண்டிருந்தது. மோசமாக இல்லை.

இந்தப் பித்தை விட்டுவிட்டேன் என்று எழுதினால் கட்டுரைக்கு நல்ல முடிவாக இருக்கும். விடவில்லை. ஐம்பதைக் கடந்த காதுக்கு உயர்ந்த அதிர்வெண்கள் ஒவ்வொன்றாகக் கேட்காமல் போகும். எனக்கு 11,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. என் ஸ்பீக்கர்கள் 20,000 வரை பாடுகின்றன. மீதியைப் பக்கத்து வீட்டு நாய் கேட்கிறது போலும். ஆனாலும் நண்பர்கள் வந்தால், "வித்தியாசம் தெரிகிறதா?" என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஒன்றை மட்டும் செய்தேன். முன்னறையில் இருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் நாட்டு விலையை ஒரு தாளில் எழுதி, விற்பதானால் யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் குறித்து, மனைவியிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். ஸ்பீக்கர் 1,20,000 என்ற வரியைச் சலனமில்லாமல் கடந்தாள். நான் அதற்குச் சொல்லியிருந்த வீட்டு விலை நாற்பதாயிரம். ஆம்ப்ளிஃபயரையும் கடந்தாள். கீழிருந்து மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"இது என்னது, ஏழாயிரத்து ஐந்நூறு?"

"கரண்ட் ஒயர்."

"ஒயரா?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கொத்தனார் ஒருவர் வந்து சமையலறைக் கடப்பைக்கல்லை அளந்துகொண்டு போனார். என்ன செலவாகும் என்று நான் கேட்கவில்லை. தாள் இப்போது பீரோவில், அவள் நகைப்பெட்டிக்கு அடியில் இருக்கிறது. கல்லுக்காக அந்த ஒயரை விற்றுவிடலாம் என்று பார்த்தேன். எங்கள் கூட்டத்தில் அதை வாங்க ஆளில்லை.